பாடி வாங்க வந்த இடத்தில்

இந்தத் துணிக்கடைப் பெண்ணின் தலையில் இருக்கிற மல்லிகைப்பூவை யாராவது பிடுங்கித் தூர எறிந்தால் போதும், அவள் எடுத்துப் போடுகிற எதையும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு போய்விடுவேன். குனிந்து குனிந்து பெட்டி எடுக்கிறாள். ஒவ்வொரு தடவையும் பூ என் மூக்குக்கு நேராக வந்து நிற்கிறது. காலையில் வைத்த பூ, மதியம் ஆகிவிட்டதால் ஓரமெல்லாம் பழுத்து, தலை எண்ணெயோடு கலந்து வாடை அடிக்கிறது. வாசனை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், எனக்கு இது வாடைதான். போதாததற்கு ஏசிக்குள் எதையோ பீய்ச்சி அடித்திருக்கிறார்கள், அது ஒரு பக்கம் தொண்டையில் தித்திக்கிறது. கஞ்சி போட்ட புதுத்துணி நாற்றம் இன்னொரு பக்கம். நான் சேலை முந்தானை இல்லாத சுடிதாரில் வந்துவிட்டேன், மூக்கைப் பொத்த ஷால்தான் இருக்கிறது, அதுவும் வேர்வையில் நனைந்து என் நாற்றத்தையே எனக்குத் திருப்பித் தருகிறது. "என் மருமவளுக்குப் பூ வாசமே ஆவாது பாத்துக்கோ, மசக்கை இன்னும் தெளியலை" என்று அத்தை அந்தப் பெண்ணிடம் பெருமையாகச் சொல்கிறாள். எட்டாம் மாதத்தில் என்ன மசக்கை? ஆனால் சொல்லிவிட்டுப் போகட்டும். உண்மையைச் சொன்னால் பூக்காரிகூடத் தொழிலை விட்டுவிடுவாள். அத்தை பெயர் தங்கபுஷ்பம். பெயரிலேயே பூ. என் கணவரைப் பெற்றவள், ஸ்டூலில் சப்பணமிடாத குறையாக உட்கார்ந்திருக்கிறாள், மடியில் அவளுடைய கறுப்புக் கைப்பை. மகன் கீழே லிஃப்ட் பக்கத்து நாற்காலியில் போனைத் தடவிக்கொண்டிருக்கிறார். இந்த மாடிக்கு ஆண்கள் வரக் கூடாதாம். அந்தக் கொடுப்பினை அவர்களுக்கு. ஆட்டோவில் வரும்போதே அத்தை சொல்லிவிட்டாள்: "ஏட்டி கனி, சாதா பாடி பெரிய அளவா ரெண்டு எடு. முன்னாடி தெறக்குமே, பால் குடுக்கது, அது இப்ப வேண்டாம். மொதல்ல புள்ள கைக்கு வரட்டும்." கணவர் ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். நானும் சரி என்றேன். போன தடவை புள்ள கைக்கு வருவதற்கு முன்னாலேயே நான் அந்த மாதிரி மூன்று வாங்கி வைத்தேன், புள்ள கைக்கு வந்தான், துணியில் சுற்றி, அழாமல். அதற்குப் பிறகு இந்தக் குடும்பத்தில் யாரும் எதையும் முன்கூட்டி வாங்குவதில்லை.

அளவு என்ன என்று கேட்கிறாள் கடைப்பெண். எனக்கு எப்படித் தெரியும்? போன மாதத்து அளவு இந்த மாதம் இல்லை. காலையில் போட்டது சாயங்காலம் கொள்வதில்லை. நான் தூத்துக்குடியில் ஒரு இ-சேவை மையத்தில் இருக்கிறேன், நாள் முழுவதும் ஊர்க்காரர்களின் கட்டைவிரல் என் மேசைக்கு வருகிறது. மீன் கழுவிய விரல், மூக்கு நோண்டிய விரல், வெற்றிலைச் சுண்ணாம்பு விரல், எல்லாம் அந்தச் சின்னக் கண்ணாடியில் அழுந்திவிட்டுப் போகும், நான் ஒவ்வொரு ஆளுக்கும் பின்னால் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பேன். கூட வேலை பார்க்கிறவள் என்னை அய்யர்வீட்டுப் பெண் என்று கேலி செய்வாள். பிறத்தியார் உடம்பு என்றால் எனக்கு எப்போதும் ஓர் அருவருப்பு. இப்போது பிறத்தியார் தேவையில்லை. மார்புக்குக் கீழே மடிப்பில் வேர்க்குரு சிவந்து கிடக்கிறது, அதில் போட்ட பவுடர் வேர்வையில் குழைந்து பசையாகிவிடுகிறது, இரவு அவிழ்க்கும்போது சுருட்டிச் சுருட்டி எடுக்கிறேன். ச்சீ. பழைய உள்பாடியின் கடைசிக் கொக்கியும் எட்டவில்லை என்று கூடுதல் கொக்கிப்பட்டை வாங்கித் தைத்தேன், அதுவும் இப்போது முதுகில் பல் பதித்த மாதிரி இறங்குகிறது. கம்பி வைத்தது ஒன்று இருந்தது, அது விலாவில் குத்திக் குத்தி ஒரு நாள் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது, செக்கப்பில் சிஸ்டர் பார்த்துவிட்டு, "கம்பி வச்சதெல்லாம் தூக்கிப் போடும்மா, லூசா காட்டன்ல போடு, மூச்சு முட்டாதா உனக்கு" என்று திட்டினாள். மூச்சு முட்டத்தான் செய்கிறது. அக்குளில் எலுமிச்சம்பழ அளவில் ஏதோ திரண்டிருக்கிறது, அதுவும் பால்தானாம். அக்குளிலுமா? எனக்கு எங்கே எது முளைக்கும் என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை. கடைப்பெண் என் மார்பைக் கண்ணாலேயே அளந்துவிட்டு, "முப்பத்தெட்டு, இல்லாட்டி நாப்பது, போட்டாத்தான் தெரியும்க்கா" என்கிறாள், ஏதோ தேங்காய் விலை சொல்கிறவள் மாதிரி. பெட்டி மேல் படத்தில் ஒரு வெள்ளைக்காரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறாள், தலைமுடி அலைபாய, தன் வயிற்றையே பார்த்துச் சிரிக்கிறாள். அவளுக்கு வேர்க்கவில்லை. அவளுக்கு அக்குள் என்றே ஒன்று இல்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு வாய்க்குள் புளித்த தண்ணீர் ஊறுகிறது.

"பாடி நல்லா இழுத்துப் பிடிக்கணும்மா, தொங்கிரப்பிடாது" என்று அத்தை கடைக்கே கேட்கிற மாதிரி சொல்கிறாள். பாடி, பாடி. எங்கள் அம்மா, அத்தை, ஊரில் எல்லோரும் இதற்குப் பாடி என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படித்தான் சொல்லி வளர்ந்தேன். அந்தச் சொல்லை இப்போது கேட்டால் எனக்கு ஆஸ்பத்திரி வராந்தா பினாயில் மூக்கில் ஏறுகிறது. போன தடவை, வலி எல்லாம் முடிந்து, எல்லாம் முடிந்தே போய், என்னை வார்டில் போட்டிருந்தார்கள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அம்மா பக்கத்தில் பையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். காலையிலிருந்தே ஓர் ஆயா வந்து வந்து, பஞ்சு வாங்க யார் போறா, வெந்நீர் வாங்க யார் போறா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், அம்மாவும் பையில் இருக்கிறதையெல்லாம் எடுத்து எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் அதே ஆயா வாசலில் நின்று, "பாடி வாங்க யாரு வந்திருக்கா?" என்றாள். அம்மா நிமிர்ந்து, ரொம்ப மரியாதையாக, "பாடியெல்லாம் பையில இருக்கும்மா. புதுசா மூணு எடுத்து வச்சிருக்கு. நீங்க ஒண்ணும் வாங்க வேண்டாம்" என்றாள். சொல்லிவிட்டு ஒன்றை எடுத்தும் காட்டினாள், முன்னால் திறக்கிற மாதிரி, வெந்தய நிறம், விலைச்சீட்டுகூடப் பிரிக்காதது. ஆயா அதைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாசலுக்கு வெளியே நின்ற என் கணவர்தான், "நான் வாரேன்" என்று அவளோடு போனார். அவர் போனதற்குப் பிறகும் அம்மா அதைக் கையில் பிடித்தபடியே இருந்தாள், அவளுக்கு எப்போது புரிந்தது என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. இதை யாரிடமாவது சொன்னால் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் அவர்கள் முகம் போகிற போக்கை என்னால் பார்க்க முடியாது என்பதால்தான் யாரிடமும் சொன்னதில்லை.

"ஃபுல் காட்டன்க்கா, தொட்டுப் பாருங்க." தொடுகிறேன். எத்தனை பேர் தொட்டிருப்பார்கள்? குமட்டல் வயிற்றில் இல்லை, காதுக்குப் பின்னால் இருக்கிறது. பூ. பூ. அவள் மறுபடியும் குனிகிறாள். மூன்றாம் நாள்தான் எனக்குப் பால் வந்தது. பிள்ளை இல்லை என்று உடம்புக்கு யாரும் சொல்லவில்லை, அது பாட்டுக்கு வந்தது, மார்பு இரண்டும் கல்லாகி, நெஞ்செல்லாம் காய்ச்சல் அடித்து, கையைத் தூக்க முடியாமல். மாத்திரை கொடுத்திருந்தார்கள். அம்மாவுக்கு மாத்திரையில் நம்பிக்கை இல்லை. பூ வைத்துக் கட்டினால்தான் பால் வற்றும் என்று ஸ்ரீவைகுண்டத்தில் இருந்து சித்தி பந்து பந்தாக மல்லிகை கொண்டுவந்தாள். கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு பூ வாங்கவில்லை. தொடுத்த சரத்தைச் சுற்றிச் சுற்றி மார்பில் வைத்து மேலே பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டினார்கள். என் சூட்டில் பூ வெந்தது. பால் கசிந்து அதில் ஊறியது. சாயங்காலம் அவிழ்த்தால் எல்லாம் பழுப்பாகி, கொழகொழவென்று, கருவாட்டுப் பானைக்குள் யாரோ சென்ட் ஊற்றிய மாதிரி ஒரு நாற்றம். அதை வழித்து எடுத்துவிட்டு மறுபடி புதுப்பூ. வெள்ளை வெளேரென்று. என்னைச் சாமி சிலை மாதிரி பண்ணிவிட்டார்கள். தினமும் அலங்காரம், தினமும் நிர்மால்யம். வற்றிவிட்டது. நல்ல கைவைத்தியம் என்று சித்தி ஊரெல்லாம் சொன்னாள். அத்தை என் எதிரில் எதுவும் சொல்லவில்லை, பக்கத்து வீட்டு அம்மாவிடம் மட்டும் அடுப்படி ஜன்னல் வழியாக, "வயித்துல கெடக்கையிலயே பாலுக்குச் சட்டை வாங்கினா வெளங்குமா" என்று சொன்னது எனக்குக் கேட்டது. கேட்கட்டும் என்று சொன்னாளா, கேட்காது என்று சொன்னாளா, தெரியாது. அதே அத்தை அன்று இரவு சாப்பிடாமல் படுத்தாள் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து வைத்து எனக்கு ஒருத்தியை உருவாக்கத் தெரியவில்லை, அதனால் இரண்டு அத்தைகளோடு குடித்தனம் பண்ணுகிறேன்.

உள்ளாடையைப் போட்டுப் பார்க்க விட மாட்டார்களாம், ஆனால் மாசமாக இருக்கிற பிள்ளை என்று அத்தை கெஞ்சியதில் அந்தப் பெண் மனமிரங்கி, என் கையில் மூன்றைத் திணித்து, ஒரு மூலை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறாள். அப்பாடா, பூ வெளியே. ஆனால் இங்கே இன்னொரு கூத்து. கண்ணாடி ஓரம் முழுக்க ஸ்டிக்கர் பொட்டு. போட்டுப் பார்க்க வந்த பெண்கள் ஒட்டிவிட்டுப் போனது. சிவப்பு, மெரூன், கறுப்பு, கல் வைத்தது, பாதி உரிந்தது. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருத்தியின் நெற்றி வேர்வை. நடுவில் என் முகம். தரையில் முடிச்சுருள் ஒன்று காலில் சுற்றுகிறது, உதறினால் போக மாட்டேன் என்கிறது. சுடிதார் டாப்பைக் கழற்றி அந்தக் கொக்கியில் மாட்டவே கூசுகிறது, பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டுகிறேன். பழையதை அவிழ்த்ததும் வருகிற நாற்றம் என்னுடையதுதான், புளித்த மாவு மாதிரி. விளக்கு வேறு வெள்ளையாகத் தலைக்கு நேர் மேலே. காம்பைச் சுற்றி இவ்வளவு பெரிதாகக் கருத்துப்போய், அதன் மேல் சின்னச் சின்னக் கொப்புளங்கள், நீல நரம்புகள் ரூட் மேப் மாதிரி. இது என் உடம்பா? இதை ஒரு வாய் கவ்வப்போகிறதாம். கவ்வட்டுமே என்று ஆசையாகத்தானே இருக்க வேண்டும்? எனக்கு ஆசை வருவதற்கு முன்னால் பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது, பயத்துக்கு முன்னால் அருவருப்பு. இந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் நினைக்கவில்லை, வயிற்றைத் தடவிப் பேசவில்லை. பேசினால் கேட்டுவிடுமோ, கேட்டால் நம்பிவிடுமோ என்று இருக்கிறது. முதலாவதைப் போடுகிறேன். பட்டை கழுத்தை அறுக்கிறது. இரண்டாவதில் லேஸ், வேர்க்குருவில் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி எரிகிறது, இதற்கு லேஸ் எதற்கு, யார் பார்க்கப்போகிறார்கள்? மூன்றாவதைப் பிரித்தால் தோள்பட்டைக்குக் கீழே கொக்கி. முன்னால் திறக்கிறது. வேண்டாம் என்று சொன்னதை அந்தப் பெண் அவளாகவே சேர்த்து வைத்துவிட்டிருக்கிறாள். தொடாமல் வைத்துவிடலாம். வைத்துவிடத்தான் வேண்டும். ஆனால் துணி என் உள்ளங்கையில் அவ்வளவு மெத்தென்று இருக்கிறது, சும்மா அளவு பார்க்க என்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டு மாட்டுகிறேன். எங்கும் இறங்கவில்லை. எங்கும் குத்தவில்லை. அகலப் பட்டை பாரத்தைத் தோளில் வாங்கிக்கொள்கிறது. மூச்சை உள்ளே இழுத்தால் அது அடிவரைக்கும் போகிறது, எத்தனையோ நாளைக்குப் பிறகு. இது இவ்வளவு சுகமாக இருப்பது எனக்குப் பிடிக்கவேயில்லை.

கொக்கி சரியாக இருக்கிறதா என்று இடது பக்கம் மட்டும் திறந்தேன், அவ்வளவுதான். சின்னச் சத்தம். மடல் கீழே விழுந்தது. அழுத்தவில்லை, தொடவில்லை, தானாகவே காம்பின் நுனியில் ஒரு பொட்டு திரண்டது. மஞ்சளாக. கெட்டியாக. அது உருண்டு புதுத்துணியில் விழுந்து பரவுவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், கையைக் கொண்டுபோக வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அப்புறம் இன்னொன்று. சீம்பால். மாடு கன்று போட்டால் பக்கத்து வீடுகளுக்குக் கிண்ணத்தில் வருமே, வெல்லம் போட்டுக் காய்ச்சி, அந்தச் சொல். உவ்வே. துடைத்த விரலில் பிசினாக ஒட்டுகிறது. அருவருப்புப் பட்டுக்கொண்டே அதை மூக்குக்குக் கொண்டுபோகிறேன், ஏன் என்று தெரியவில்லை, ஊரார் விரலை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிற நானா இது? பச்சை வாடை. கொஞ்சம் உப்பு, கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் என் வேர்வை. நாறத்தான் செய்கிறது. எல்லாம் நாறுகிறது. நான் நாறுகிறேன், இந்த அறை நாறுகிறது, அந்தப் பொட்டுக்காரிகள் அத்தனை பேரும் நாறிக்கொண்டு வந்து நாறிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்த ஆஸ்பத்திரியில் நாறாதது என்று ஏதாவது இருந்ததா? பெட்ஷீட் நாறியது, ஆயா நாறினாள், என் ரத்தம் நாறியது, அம்மா இரண்டு நாள் குளிக்காமல் நாறினாள். அவன் ஒருவன்தான் நாறவில்லை. மடியில் கொஞ்ச நேரம் வைத்திருக்கக் கொடுத்தார்களே, உச்சந்தலையில் மூக்கை வைத்து நன்றாக இழுத்து இழுத்துப் பார்த்தேன். குளிப்பாட்டிக் கொடுத்துவிட்டார்கள். எதுவும் இல்லை. பால் வாடை இல்லை, மூத்திர வாடை இல்லை. அவ்வளவு சுத்தம். அப்படிச் சுத்தமாக எனக்கு இனி ஒன்றும் வேண்டாம். இது வந்து என் மேல் கக்கட்டும். பால் குடித்துவிட்டு ஏப்பம் விட்டு, புளித்த தயிராகக் கக்கி, என் துணியெல்லாம் நாறட்டும், நான் மூக்கைச் சுளித்துக்கொண்டே, ச்சீ ச்சீ என்று சொல்லிக்கொண்டே கழுவுகிறேன். எனக்கு அது வேண்டும். வேண்டும் என்று நினைத்துவிட்டேன். ஐயோ, நினைத்தேவிட்டேன்.

"என்னட்டி, கொள்ளுதா?" கதவு அரை அடி திறந்து அத்தையின் கண்ணும் மூக்கும் உள்ளே வருகின்றன. மறைக்க நேரமில்லை. அவள் பார்வை என் முகத்துக்கு வரவேயில்லை, திறந்து தொங்குகிற மடலுக்கும், அதன் மேல் இருக்கிற மஞ்சள் கறைக்கும் போய் அங்கேயே நின்றுவிட்டது. கோபம் வரும் என்று நினைத்தேன். "இது வேண்டாம்னு சொன்னேன்லா" என்றாள், திட்டுகிற குரலே இல்லை, இருட்டில் எதையோ மிதித்துவிட்டவள் குரல். அவளுக்குப் பின்னாலிருந்து கடைப்பெண், "ஐயோ, பட்டுட்டாக்கா? பட்டா திருப்பி எடுக்க மாட்டாங்களே" என்றாள். அத்தை அவளைக் கையால் அமர்த்தினாள். என்னிடம் தாழ்ந்த குரலில், கெஞ்சுகிற மாதிரி, "பரவால்ல. துட்டு நான் குடுத்துக்கிடுதேன். வீட்டுக்குக் கொண்டாராண்டாம்மா. அதை அங்கனயே போட்டுட்டு வா" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் முருகா என்று முனகுவது கேட்டது. அவளுக்கும் பயம். அவள் பயத்துக்கு நான் இரண்டு வருஷமாக வேறு பெயர் வைத்திருந்தேன், போகட்டும், இன்றைக்கு அதைப் பார்க்க நேரமில்லை. மடலை மேலே தூக்கினேன். ஈரம் சில்லென்று மேலே ஒட்டியது, உடம்பு கூசியது. கொக்கியை மாட்டினேன். அதற்கு மேலே டாப்பைப் போட்டு, ஷாலை இழுத்துவிட்டேன். கழற்றிய பழசையும் கொள்ளாத இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அத்தை கைப்பையைத் திறந்தபடி நின்றாள், என் கையில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், அந்த மூன்றாவது அதில் இல்லை என்று தெரிந்ததும் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள்.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன் அத்தை" என்றேன். "நல்லாக் கொள்ளுது."